டிரெய்லரின் கேஸ் இணைப்பில் வெளி அடுப்பு மந்தமாக எரிகிறது. கூடவே, வேறு என்னென்ன வாங்க வேண்டும்?

புதுச்சக்கரம்:

வணக்கம். இத்தனை வருடமும் முகாமுக்குப் போனால் கூடாரம்தான். போன மாதம்தான் கைமாறி, வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் ஒரு சின்ன டிரெய்லர் எங்களிடம் வந்து சேர்ந்தது. நான்கு பேர் படுக்கலாம், உள்ளே இரண்டு பர்னர் அடுப்பும் உண்டு. அதில் இரண்டு நாள் சமைத்ததில் தலையணை வரைக்கும் எண்ணெய் வாடை ஏறிவிட்டது, காலையில் எழுந்தால் ஜன்னலில் தண்ணீர் கோடு கோடாக வழிகிறது. இனிமேல் சமையல் வெளியில்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

டிரெய்லரின் பக்கவாட்டில் ஒரு கேஸ் இணைப்பு இருக்கிறது, குழாயைச் சொருகினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும் வகை. என்னிடம் கூடாரக் காலத்து மேசை அடுப்பு ஒன்று உண்டு, திருகி மாட்டும் சின்ன புரொப்பேன் சிலிண்டரில் ஓடுவது. அதற்குப் பொருந்துகிற மாதிரி ஒரு குழாய் வாங்கி இந்த இணைப்பில் மாட்டினேன். பற்றிக்கொண்டது, ஆனால் மெழுகுவர்த்தி மாதிரி எரிகிறது. ஒரு பாத்திரம் தண்ணீர் அரை மணி நேரமாகியும் கொதிக்கவில்லை, பிள்ளைகள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள். அதே அடுப்பைத் திரும்பவும் சின்ன சிலிண்டரில் மாட்டினால் சீறிக்கொண்டு எரிகிறது. கோளாறு இணைப்பிலா, குழாயிலா, என் மூளையிலா?

அப்புறம் இன்னொன்று. கிரிடில் (பெரிய தட்டைக் கல் வைத்த அடுப்பு), டச்சு அவன் (மூடியுள்ள கனமான வார்ப்பிரும்புப் பாத்திரம்), கரி அடுப்பு, மடக்கு மேசை, காற்றுத் தடுப்பு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எதை உண்மையிலேயே வாங்க வேண்டும், எது ஆசைக்கு வாங்கிவிட்டு அப்புறம் மூலையில் கிடக்கும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பாதிவழி:

முதலில் சிலிண்டர் வால்வை எப்படித் திறந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். வேகமாகத் திருகித் திறந்தால், அல்லது அடுப்புக் குமிழ் திறந்திருக்கும்போதே சிலிண்டரைத் திறந்தால், கேஸ் எங்கோ கசிகிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் பாதுகாப்பு அடைப்பு ஓட்டத்தைக் குறைத்துவிடும். சில வகை இணைப்புகளில் இந்த ஏற்பாடு உண்டு. எல்லாவற்றையும் மூடி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, அடுப்பு மூடியிருக்க சிலிண்டரை மட்டும் மெதுவாகத் திறங்கள். எனக்கு இரண்டு தடவை இதுவேதான் நடந்தது, இரண்டு தடவையும் அடுப்பைத்தான் திட்டினேன்.


நீலச்சுடர்:

பாதிவழி சொன்னதைச் செய்து பாருங்கள், செலவில்லாத வைத்தியம். ஆனால் என் சந்தேகம் வேறு. உங்கள் கேஸ் இரண்டு ரெகுலேட்டர்களைத் தாண்டி வருகிறது.

புரொப்பேன் சிலிண்டருக்குள் 20 டிகிரி வெப்பத்தில் அழுத்தம் சுமார் 7 பார் இருக்கும். டிரெய்லரின் முன்னால் இருக்கும் ரெகுலேட்டர் அதை 30 மில்லிபார் சுற்றுவட்டத்துக்கு இறக்கிவிடுகிறது, அதாவது 200 பங்கில் ஒரு பங்குக்கும் கீழே. உள்ளே இருக்கும் அடுப்பு, ஹீட்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் இந்தக் குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்தவை. பக்கவாட்டு இணைப்பிலும் பெரும்பாலும் இதுதான் வரும். உங்கள் மேசை அடுப்போ சிலிண்டரிலிருந்து நேராக வரும் உயர் அழுத்தத்தை எதிர்பார்த்து, தன் பக்கமும் ஒரு ரெகுலேட்டரை வைத்திருக்கிறது. ஏற்கெனவே இறங்கி வந்த கேஸை அது இன்னொரு தடவை இறுக்கிப் பிடித்தால் மெழுகுவர்த்திதான் மிச்சம்.

உறுதி செய்ய ஒரு வழி: அதே சிலிண்டரில் உள் அடுப்பைப் பற்றவையுங்கள். அது நன்றாக எரிந்தால் சிலிண்டர், முன் ரெகுலேட்டர் இரண்டும் சரி, அடைப்பும் இல்லை.

இதற்கு இரண்டு தீர்வுதான். ஒன்று, பக்கவாட்டு இணைப்பை மறந்துவிட்டு, தனியாக ஒரு சிலிண்டர் வைத்து, உயர் அழுத்தக் குழாய் வழியாக அடுப்பின் சொந்த ரெகுலேட்டருக்கே கொடுப்பது. இரண்டாவது, குறைந்த அழுத்தத்துக்கென்றே, ரெகுலேட்டர் இல்லாமல் விற்கும் அடுப்பை வாங்கி பக்கவாட்டில் சொருகுவது. நடுவில் குறுக்கு வழியாக, இருக்கிற அடுப்பின் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு மாட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். அடுப்பு செய்தவர்களே கையேட்டில் அனுமதித்திருந்தால் ஒழிய அதைச் செய்யாதீர்கள். பர்னருக்குள் கேஸ் பாயும் ஜெட் துளையின் அளவு அழுத்தத்தைப் பொறுத்தது, சில அடுப்புகளில் துளை ரொம்பச் சின்னது, கழற்றினாலும் பயன் இருக்காது. அதைவிட மோசம், ரெகுலேட்டர் கழற்றிய அடுப்பை அப்புறம் ஒருநாள் மறந்துபோய் நேராக சிலிண்டரில் மாட்டுவது. சுடர் ஆள் உயரத்துக்கு எழும்பும்.

ஜன்னல் விஷயம்: 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியே வரும். பாத்திரத்திலிருந்து வரும் ஆவி அதற்கு மேல். இரவு குளிர்ந்ததும் அதுதான் கண்ணாடியில் வழிகிறது. வெளியே சமைப்பது என்ற உங்கள் முடிவு சரிதான்.


கரிக்கட்டை:

ஆசைக்கு வாங்கி மூலையில் கிடப்பது பற்றிக் கேட்டீர்களே, என்னிடம் கேளுங்கள், ஒரு மூலையே வைத்திருக்கிறேன்.

டச்சு அவன் எனக்குப் பிடித்த சாமான், அதனாலேயே எச்சரிக்கிறேன். 12 அங்குல டச்சு அவன் மூடியோடு 8 கிலோவுக்கு மேல் வரும். கரி மூட்டை தனி, கரி பற்றவைக்கும் குழாய் தனி, கனலைக் கிள்ளி எடுக்கும் இடுக்கி தனி. ஆனால் ஒருமுறை கை பழகிவிட்டால் அதில் ரொட்டி சுடலாம், முழுக்கோழி வேகவைக்கலாம், எதையும் மூடி வைத்துவிட்டுப் போய் உட்காரலாம். கணக்கு சுலபம்: பாத்திரத்தின் விட்டம் எத்தனை அங்குலமோ அதோடு 3 கூட்டினால் மூடி மேல் வைக்கும் கரிக்கட்டி, 3 கழித்தால் அடியில் வைப்பது. 12 அங்குலத்துக்கு மேலே 15, கீழே 9. உள்ளே சுமார் 175 டிகிரி கிடைக்கும். காற்று அடித்தால் கணக்கு மாறும், கரி சீக்கிரம் தீர்ந்துபோகும், பாத்திரத்தை அவ்வப்போது கால் சுற்று திருப்பிவிட வேண்டும். உங்கள் மாதிரி பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு முதல் வருடம் இது வேண்டாம் என்பேன். பசியோடு நிற்கும் பிள்ளைக்கு முன்னால் கரி பற்றுவதற்கு 20 நிமிடம் காத்திருப்பது என்ன பாடு என்று எனக்குத் தெரியும்.

கிரிடில் நல்லதுதான், ஒரே நேரத்தில் நான்கு பேருக்கும் முட்டையும் ரொட்டியும் போடலாம். ஆனால் மேசைமேல் வைக்கும் கிரிடிலே 10 கிலோவுக்கு மேல் இருக்கும். தரை சாய்ந்திருந்தால் எண்ணெய் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடும், அதற்குக் கீழே சின்ன ஆப்பு சொருகி மட்டம் பார்க்க வேண்டும். சமைத்து முடித்ததும் சூடாக இருக்கும்போதே சுரண்டித் துடைத்து மெல்லிசாக எண்ணெய் பூசி வைக்காவிட்டால் அடுத்த தடவை மூடியைத் திறக்கும்போது துருதான். புதிதாக வாங்கினால் அதே மாதிரி மெல்லிய எண்ணெய்ப் பூச்சில் புகை வந்து அடங்கும்வரை காய்ச்சி, ஆறவிட்டு, மூன்று நான்கு தடவை பழக்க வேண்டும். அதை வீட்டிலேயே செய்துவிடுங்கள், முகாமில் போய் செய்யாதீர்கள்.

இந்தக் கனமான சாமான்களையெல்லாம் டிரெய்லரின் பின்கோடியில் அடுக்காதீர்கள். சக்கர அச்சுக்கு மேலே, தரையோடு ஒட்டி, நகராமல் கட்டி வையுங்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பது பல இடங்களில் சொல்லும் அளவு, சில நாடுகளில் அதைவிடக் குறைவாகச் சொல்வார்கள், உங்கள் வண்டிக் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் உங்களுக்குச் சட்டம். பின்பாரம் ஏறினால் கொக்கியின் மேல் பாரம் குறையும், வேகமெடுக்கும்போது டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். எனக்கு ஆட்டியது. அன்றைக்குத்தான் மூலை உருவானது.


நனைந்தவிறகு:

கரிக்கட்டை அண்ணா ஒரு விஷயத்தை விட்டுவிட்டார், நான் சொல்லிவிடுகிறேன். மழை வந்தது என்று கரி அடுப்பை டிரெய்லரின் இழுப்புக் கூரைக்கு அடியில் கொண்டுவந்து வைத்தோம், மூன்று பக்கமும் துணித் திரை போட்டிருந்தது, கதவு திறந்திருந்தது. சமையல் முடிந்து கனல் அணைந்த மாதிரிதான் இருந்தது. அரை மணி நேரத்தில் உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது. அந்த வாயுவுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. சாம்பல் பூத்த கரி மணிக்கணக்கில் அதை விட்டுக்கொண்டே இருக்கும். அலாரம் மட்டும் இல்லையென்றால் நாங்கள் சும்மா தலைவலி என்று படுத்திருப்போம். புதுச்சக்கரம், உங்கள் பழைய டிரெய்லரில் அந்த அலாரம் இருக்கிறதா, அதன் ஆயுள் முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள், கருவியிலேயே தேதி அச்சிட்டிருக்கும். கேஸ் கசிவு அலாரம் வேறு, அது தரைக்கு அருகில் இருக்கும், ஏனென்றால் புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும். இரண்டும் வேண்டும்.

சாமான் கேள்விக்கு என் பதில்: இருக்கிற அடுப்பு, ஒரு வார்ப்பிரும்பு வாணலி, மூடியுள்ள ஒரு பெரிய பாத்திரம், ஒரு சின்னது. போதும். மூன்று பயணம் போய்விட்டு, எது இல்லாமல் தவித்தீர்களோ அதை மட்டும் வாங்குங்கள். நான் தவித்தது பெரிய கருவிக்கெல்லாம் இல்லை. நல்ல உயரத்தில் ஒரு மேசை (குனிந்து குனிந்து வெங்காயம் நறுக்கினால் இரண்டாம் நாள் முதுகு பேசும்), தலையில் மாட்டும் விளக்கு, காற்றுத் தடுப்பு, இவ்வளவுதான். காற்றில் மூடியில்லாத பாத்திரத்தைக் கொதிக்கவைப்பது கேஸை ஆகாயத்துக்குப் படைப்பது மாதிரி. ஆனால் சிலிண்டர் அடுப்போடு ஒட்டி இருக்கும் வகையென்றால் தடுப்பைச் சுற்றி முழுதாக மூடாதீர்கள், சிலிண்டர் சூடாகிவிடும். ஒரு பக்கம் திறந்தே இருக்கட்டும்.

சமையல் சாமான் எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி. வீட்டுச் சமையலறையிலிருந்து எதையும் எடுத்துப் போகாதீர்கள், எடுத்தால் திரும்பி வராது.


பாதிவழி:

மின்சார அடுப்பு வாங்கலாமா என்று அடுத்து யோசனை வரும், எனக்கும் வந்தது. 1800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 150 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி முழுதாக இருந்தாலும் நாற்பது நிமிடம்கூட தாங்காது. முகாமில் மின்னிணைப்பு உள்ள இடம் என்றால் சரி, இல்லாவிட்டால் கேஸ்தான்.

குளிர்காலத்தில் போவதாக இருந்தால், மலிவாகக் கிடைக்கிறது என்று பியூட்டேன் டப்பா அடுப்பு வாங்காதீர்கள். பியூட்டேன் கொதிக்கும் வெப்பம் கிட்டத்தட்ட 0 டிகிரி, அதற்குக் கீழே போனால் டப்பாவுக்குள் திரவமாகவே உட்கார்ந்திருக்கும். புரொப்பேன் மைனஸ் 42 வரைக்கும் ஆவியாகும்.


புதுச்சக்கரம்:

எல்லோருக்கும் நன்றி. இன்று முற்றத்தில் டிரெய்லரை நிறுத்தி ஒத்திகை பார்த்தேன். முதலில் மெதுவாகத் திறந்து பார்த்தேன், மாற்றமில்லை. உள் அடுப்பு அதே சிலிண்டரில் நீலமாக, ஜோராக எரிகிறது. அப்படியென்றால் நீலச்சுடர் சொன்ன இரட்டை ரெகுலேட்டர்தான். ஒரு கேள்வி: தனிச் சிலிண்டர் வைத்தால் 5 கிலோ எத்தனை நாளைக்கு வரும்? அலாரத்தையும் பார்த்தேன். தேதி முடிந்து நான்கு வருடம் ஆகிறது. வயிற்றைக் கலக்கிவிட்டது, இன்றே புதிது வாங்குகிறேன்.


நீலச்சுடர்:

10,000 பி.டி.யு. (பர்னரின் வெப்பத் திறனைச் சொல்லும் அளவு) பர்னர் ஒன்று முழு வேகத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் 220 கிராம் குடிக்கும். 5 கிலோவில் இருபது மணி நேரத்துக்கு மேல் வரும். நீங்கள் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் எரித்தாலும் ஒரு வாரம் தாராளம், எப்போதும் முழு வேகத்தில் எரிக்கவும் மாட்டீர்கள்.

சிலிண்டர் நின்றபடிதான் இருக்க வேண்டும், சாய்த்தால் திரவமே குழாய்க்குள் வரும். ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் மூடிவிட்டு இறுக்குங்கள் அல்லது வளையத்தை மாற்றுங்கள். பயணத்தில் வால்வு மூடியே இருக்கட்டும்.


புதுச்சக்கரம்:

உயர் அழுத்தக் குழாய் வந்தது, மாட்டினேன், குமிழி இல்லை. மூடி போட்டு 2 லிட்டர் தண்ணீர் ஒன்பது நிமிடத்தில் கொதித்தது. கிரிடில் பேச்சை இப்போதைக்கு எடுக்கவில்லை, வீட்டில் கிடந்த வார்ப்பிரும்பு வாணலியையே பெட்டிக்குள் போட்டுவிட்டேன். ஒத்திகையில் இல்லாமல் தவித்தது இரண்டு: டின் திறப்பான், தீப்பெட்டி. அடுப்பின் பொத்தான் ஈரத்தில் பொறி விடவில்லை, பக்கத்து வீட்டில் போய் லைட்டர் கேட்டு வாங்கிவந்தேன். காட்டில் பக்கத்து வீடு இருக்காதே, அதனால் பெட்டியில் இப்போது மூன்று லைட்டர் இருக்கிறது.