காஞ்சனபுரி சயாம் ரயில் அருங்காட்சியகம்: போய் வந்தவர்கள் சொல்வது

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போர்க் கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்து, சயாம் என்ற தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதையில் உள்ள ஊர் காஞ்சனபுரி. அங்கே குவாய் ஆற்றுப் பாலத்தடியில் இறங்கி "மியூசியம் எங்கே?" என்று கேட்காதீர்கள். அந்த ஊரில் போர் அருங்காட்சியகம் மூன்று இருக்கிறது. கேட்டால் கண்ணெதிரே இருப்பதைத்தான் காட்டுவார்கள். பாலத்தை ஒட்டி இருப்பது ஒரு தனியார் சேகரிப்பு. போர்ச் சாமான்களோடு வேறு பலதும் கலந்து கிடக்கும். ஊரின் தெற்கே ஆற்றோரம், வாட் சாய் சும்போன் கோயிலுக்குள் இருப்பது ஜீத். கைதிகள் தங்கிய மூங்கில் கொட்டகை மாதிரியிலேயே கட்டியது. மூன்றாவது, போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அடுத்தாற்போல் இருக்கும் தாய்லாந்து-பர்மா ரயில்வே மையம். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் யோசிக்காமல் இதற்குப் போங்கள். பழைய தடத்தைக் காட்டுக்குள் நடந்தே அளந்த ராட் பீட்டி என்ற ஆஸ்திரேலியர் 2003-ல் தொடங்கியது. தனியார் முயற்சி என்றாலும் ஆவண ஒழுங்கில் அரசு நிறுவனங்களுக்குக் குறைந்ததில்லை.

காலை 9 முதல் மாலை 4 வரை. மூன்று மணிக்கு மேல் போனால் கடைசி அறைகளை ஓட்டமாகத்தான் பார்க்க முடியும். காட்சிக்கூடத்துக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள், அதனால் குறிப்பேடும் பேனாவும் கட்டாயம். சீட்டை எறிந்துவிடாதீர்கள், மாடியில் காபியோ டீயோ அதற்குள் அடக்கம்.

*

மேலே சொன்னதோடு, உள்ளே எதை நின்று பார்ப்பது என்பதையும் சேர்த்துவிடுகிறேன்.

முதலில் பாதையின் நில அமைப்பைக் காட்டும் மாதிரி. தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கி.மீ. வேலை 1942 நடுவில் தொடங்கி, 1943 அக்டோபர் 17-ல் இரு முனையும் சேர்ந்தன. எங்கே சமவெளி முடிந்து மலை ஏறுகிறது என்பதை இங்கேயே மனத்தில் வாங்கிக்கொண்டால்தான், எந்த முகாமில் ஏன் அவ்வளவு சாவு என்பது பிடிபடும். மேலே போகப் போக அரிசி வருவது ஆற்றுப் படகையும் சேற்றுப் பாதையையும் நம்பித்தான். 1943 மழையில் பாதை அடைபட்டது, காலராவும் அதே மழையோடு வந்தது.

அடுத்து மரப்பாலத்தின் மாதிரி. மூட்டுகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். போல்ட் அதிகம் கிடையாது, இரு முனையும் மடங்கிய இரும்புக் கொக்கியை அடித்து இறக்கியிருப்பார்கள். வெட்டிய ஈரம் காயாத மரம், காய்ந்ததும் சுருங்கும், கொக்கி தளரும். ஹின்டோக் பக்கத்தில் ஒரு பாலம் கட்டும்போதே மூன்று தடவை சரிந்தது.

எங்கே பழைய தண்டவாளத் துண்டைப் பார்த்தாலும் நடுத்தகட்டின் பக்கவாட்டில் கண்ணை ஓட்டுங்கள். தண்டவாளம் செய்த ஆலையின் பெயரும் ஆண்டும் புடைப்பாக இருக்கும். ஆண்டு 1942-க்கு வெகு முந்தையதாக இருந்தால் போலி என்று நினைக்க வேண்டாம். புதுத் தண்டவாளம் உருக்கி வந்து போட்ட பாதை அல்ல இது. மலாயாவின் கிழக்குக் கரை ரயில் தடத்தைப் பெயர்த்தே கொண்டுபோனார்கள்.

*

ரயில் பாதை வேலைக்குப் போன தாத்தாவைத் தேடி மலேசியாவிலிருந்து போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது. வெள்ளைக்காரக் கைதி என்றால் பெயர், பதவி, படை எண், படைப்பிரிவு கொடுத்தால் போதும். எந்த முகாமில் இருந்தார், எங்கே புதைத்தார்கள் என்பது வரை மையத்தில் தேடித் தருவார்கள். கைதிகள் தங்கள் சாவுக் கணக்கை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். 1945 செப்டம்பர், அக்டோபரில் தேடிப் போன குழு அதைக்கொண்டே 144 இடுகாடுகளையும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழிகளையும் கண்டுபிடித்தது.

மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்களுக்கு அப்படி ஒரு ஏடே கிடையாது. மலாயாவிலிருந்து மட்டும் 75,000-க்கும் மேல், பெரும்பாலோர் தமிழர்கள். ஜப்பானியர் தலையை எண்ணினார்களே ஒழிய பெயரை எழுதவில்லை. முகாமில் மருத்துவரும் இல்லை, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்ல ஆளும் இல்லை.

அதனால் பெயரை மட்டும் கொண்டுபோய்ப் பயனில்லை. எந்தத் தோட்டம், எந்த மாதம் ரயிலேறினார், கூடப் போனவர்கள் யார், திரும்பியவர் யாராவது எந்த இடத்தின் பெயரைச் சொன்னார்களா, இவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கு நம்மவர்கள் வைத்த பெயர் ஒன்று, கம்பெனிக் கணக்கில் உள்ள பெயர் வேறு. இரண்டையும் குறித்துக்கொள்ளாவிட்டால் தேடல் அங்கேயே நின்றுவிடும்.

*

மேலே எழுதிய அண்ணன் சொன்னதற்குத் தொடர்ச்சி. பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஏழாயிரம் பேருக்குக் கொஞ்சம் குறைவாக அடக்கம். ஆசியத் தொழிலாளர் ஒருவர்கூட அதில் இல்லை. நுழைவாயில் கட்டடத்தில் ஒரு பலகை உண்டு, பலரும் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். பிரிக்கப்படாத இந்தியாவின் படையைச் சேர்ந்த 11 பேரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. தாய்லாந்தில் முஸ்லிம் இடுகாடுகளில் அடக்கமாகி, பிறகு பராமரிக்க முடியாமல் போனவர்கள்.

நம் ஆட்களுக்கான இடம் அருகிலுள்ள வாட் தாவோர்ன் வராராம் கோயில். ஆட்டோக்காரரிடம் வாட் யுவான் என்றாலும் புரியும். மலேசியத் தமிழர்கள் 2023-ல் நட்ட நடுகல் அங்கேதான். மையத்தைப் பார்த்த கையோடு நடந்தே போகலாம், ஆனால் நண்பகல் வெயிலில் வேண்டாம்.

பாலத்தில் வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து வந்தவை. நடுவே வளைவில்லாமல் நேர்க்கோடுகளாக நிற்கும் இரண்டும் 1945 குண்டுவீச்சுக்குப் பிறகு மாற்றியவை.

பாங்காக்கில் தோன்புரி நிலையத்திலிருந்து நாளைக்கு இரண்டே ரயில், காலை வண்டிதான் தோது. மூன்றாம் வகுப்பு, விசிறி மட்டும். காஞ்சனபுரி நிலையத்திலிருந்து மையம் நடக்கும் தூரம். அதே தடத்தில் நாம் டோக் என்ற நிலையம் வரை போவதென்றால் போகும்போது இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், தாம் கிராசே மரப்பாலத்தில் ஆறு அந்தப் பக்கம்தான். திரும்பும் கடைசி வண்டி நேரத்தை நிலையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள், தாமதம் சகஜம்.