கோவா (முட்டைக்கோஸ்) தண்டு விட்டால் அதற்கு என்ன பெயர்? வெள்ளிக்குள் வேணும்

மொழிபெயர்ப்பாளர், கல்முனை:
வணக்கம். இங்கிலாந்தில் வீட்டுத்தோட்டம் செய்யும் நம்மவர்களுக்கான காய்கறிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. கோவாப் பக்கத்தில் ஒரு சொல்லில் நிற்கிறேன். ஓகஸ்டில் விதைத்து, பனிக்காலம் முழுக்க நிலத்தில் நின்ற கோவா, சித்திரை பிறக்கும்போது உருண்டை கட்டாமல் நடுவால் உயரத் தண்டு விட்டுப் பூக்கிறது. ஆங்கிலத்தில் bolting எனும் இந்தச் செயலுக்கு "முன்பூப்பு" என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

விவசாய பாட ஆசிரியை, களுவாஞ்சிக்குடி:
வேண்டாம் தம்பி. பூப்பு என்றால் பிள்ளைகளுக்குச் சாமத்தியச் சடங்குதான் ஞாபகம் வரும். தரம் 10இல் அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பாடம் நடத்த ஏலாது. "அகாலப் பூத்தல்" சரிவருமா?

ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர், அக்கரைப்பற்று:
"முன்", "அகால" இரண்டுமே விஷயத்தைப் பிழையாகச் சொல்லுது. கோவா ஈராண்டுப் பயிர். குளிர் காணும்வரை இலை, குளிர் கண்டபின் பூ. கன்றின் தண்டு பென்சில் தடிப்பைத் தாண்டியபின் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே ஆறு, எட்டுக் கிழமை நின்றால், பகல் நீண்டு சூடு ஏற, தண்டு கிளம்பும். செடிக்கு அது உரிய காலம். முந்தி விதைத்துக் கன்றைப் பருக்கவிட்டவருக்குத்தான் அகாலம். விதை எடுப்பவரோ அந்தத் தண்டுக்காகவே காத்திருப்பார். ஆகவே சொல்லில் குற்றச்சாட்டு இருக்கக்கூடாது.

பல்கலைக்கழக மாணவர், வந்தாறுமூலை:
பழம் முற்றாமல் பழுத்தால் வெம்பல் என்கிறோமே, அதையே இதற்கும் வைத்தால் என்ன?

போதனாசிரியர்:
வெம்மையில் பிறந்த சொல்லைக் குளிரால் வருவதற்கு வைப்பதா? நம்மூர்ச் சலாது வெயிலுக்குத் தண்டு விடுவதை வெம்பல் என்றால் கேட்கலாம். கோவாவுக்குப் பொருந்தாது. மட்டக்களப்பில் அந்தக் குளிர் கிடையாது, அதனால்தான் இங்கே கோவா தண்டு விட்டு ஒருவரும் காண்பதில்லை.

தமிழாசிரியர், மட்டக்களப்பு:
நெல்லுக்கு இருக்கும் சொல்லை ஏன் தேடவில்லை? சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தில் நெற்பயிர் சூல் கொண்ட பச்சைப்பாம்பு போலக் கருவிருந்து ஈன்று, பிறகு தலை சாய்க்கிறது. கதிர் ஈனல் உண்டென்றால் தண்டீனலும் உண்டு. "தண்டெழல்" மட்டும் வேண்டாம். தண்டு என்றால் படை. பழைய தமிழில் தண்டெழுந்தால் போர்.

ஆசிரியை:
சேர், தண்டீனலைப் பிள்ளைகள் "தண்டு, ஈனம்" என்று பிரித்து வாசிப்பார்கள். "தண்டோட்டம்" லேசு.

தமிழாசிரியர்:
ஓட்டம் ஆங்கிலச் சொல்லில் உள்ள மிரண்ட குதிரையின் ஓட்டம், மிஸ்.

ஆசிரியை:
இல்லை. வேரோடுகிறது, கொடியோடுகிறது. இரண்டும் நம் சொற்கள்தானே.

தோட்டக்காரர், களுதாவளை:
எங்கட பக்கம் வாழை குலை தள்ளும், நெல்லுக் கதிர் தள்ளும். முள்ளங்கியைப் பிடுங்காமல் விட்டால் தண்டு தள்ளிற்று என்பம். அதையே போடுங்க தம்பி.

மொழிபெயர்ப்பாளர்:
கையேட்டின் வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன். "தண்டு தள்ளிய கோவா இனி உருண்டை கட்டாது." நிற்கிறது. "தண்டீன்ற கோவா" என்றால் வாசிப்பவர் ஒருதரம் நின்று யோசிப்பார். போதனாசிரியர் ஐயா, அப்படியான செடியை என்ன செய்வது என்ற பந்தியையும் ஒருக்கால் பாருங்கள்.

போதனாசிரியர்:
தண்டைக் கிள்ளினால் உருண்டை கட்டும் என்ற வரியை வெட்டுங்கள். கிள்ளினால் பக்கத் தண்டுதான் வரும். மொட்டு விரியுமுன் நுனியில் 15 சென்ரிமீற்றர் அளவு முறித்து, நார்ப்பற்றுள்ள அடித்தோலைச் சீவிவிட்டு வறுக்கலாம், சுண்டலாம். மஞ்சள் பூ விரிந்தபின் நார், கசப்பு. விதைக்கு விடுவதென்றால் ஒற்றைச் செடி போதாது, தன் மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்காது. பல செடி வேணும், 1.5 மீற்றர் கம்பு நட்டுக் கட்டவேணும். அருகில் பூக்கோவாவோ நோக்கோலோ பூத்து நின்றால் தேனீ கலந்துவிடும். முழு உருண்டை கட்டிய செடியில் தண்டு உள்ளேயே முட்டி அழுகுவதுண்டு. உருண்டையின் தலையில் குறுக்கும் நெடுக்குமாக 3 சென்ரிமீற்றர் ஆழம் கீறிவிட்டால் வெளியே வரும். காய் வைக்கோல் நிறமானதும் வெடிக்குமுன் வெட்டுங்கள். எல்லாவற்றுக்கும் முந்தித் தள்ளிய செடியில் விதை எடுக்கவேகூடாது, அந்தக் குணம் அடுத்த பயிரிலும் வரும். கலப்பின விதையில் வந்த செடியென்றால் விதைக்கு விடுவதே வீண்.

பாருங்கள், "முந்தித் தள்ளிய" என்று நானே எழுதிவிட்டேன். பொதுச்சொல் தண்டு தள்ளல். கெடுதலாக வந்தால் முந்து தண்டு தள்ளல்.

தமிழாசிரியர்:
இரண்டாம் வேற்றுமைத் தொகை, வல்லினம் மிகாது, எழுத்தில் குறையில்லை. ஆனால் தள்ளல் என்றால் விலக்கலும் ஆகும். "தண்டைத் தள்ளிவிடு" என்று ஒருவர் படித்துச் செடியையே வெட்டினால்? என் வாக்கு தண்டீனலுக்குத்தான். அப்படியே பதிந்துகொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
பதிந்தேன் ஐயா. மூன்று பேர் தள்ளலுக்கு, ஒருவர் ஈனலுக்கு. முதல் இடத்தில் "பூந்தண்டு தள்ளல்", பிறகு "தண்டு தள்ளல்" என்று போடுகிறேன். குளிர் ஊட்டலுக்குத் தமிழ்நாட்டார் வைத்த தட்பப்பதனம் 41ஆம் பக்கத்தில் இருக்கிறது. அதில் யாருக்கும் மறுப்பு உண்டா?

ஆசிரியை:
உண்டு. பதனம் என்றால் மனிதர் செய்வது. தோட்டத்தில் அதைப் பனிக்காலமே செய்கிறது. நாளைக் காலை எழுதுகிறேன்.