எஃபெக்ட்ஸ் லூப்பில் பெடல் போட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

எஃபெக்ட்ஸ் லூப் என்பது கிட்டார் ஆம்பில் டோனையும் கெயினையும் தரும் ப்ரீஆம்புக்கும், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்புக்கும் நடுவில் பெடல் மாட்டும் வழி. எதிரொலி தரும் டிலே, அறை முழக்கம் தரும் ரிவெர்ப் இரண்டையும் லூப்பில்தான் போட வேண்டும் என்று கேட்காதவர் இருக்க முடியாது. உங்களுக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

என்னுடையது ஹை கெயின் சேனல், அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் சேனல், உள்ள டியூப் ஆம்ப். கிட்டார், டிலே, பிறகு ஆம்பின் இன்புட் என்று மாட்டியிருந்தவரை கிளீன் சேனலில் ஒரு குறையும் இல்லை. கெயின் சேனலுக்கு மாற்றினால்தான் வம்பு. எதிரொலியும் ப்ரீஆம்புக்குள் போய் டிஸ்டார்ஷனில் மாட்டிக்கொள்கிறது. மெல்லத் தேய வேண்டிய எதிரொலியை டிஸ்டார்ஷன் தூக்கிவிடுவதால், அதுவும் முதல் அடி அளவுக்கே முட்டிக்கொண்டு நிற்கும். அடுத்த கார்டு அதன் மேல் விழுந்தால் எல்லாம் ஒரே கூழ். அதே பெடலை, எந்தக் குமிழையும் தொடாமல், லூப்பின் சென்ட் (வெளியே போகும்) ஜாக்குக்கும் ரிட்டர்ன் (திரும்பி வரும்) ஜாக்குக்கும் நடுவில் மாட்டினேன். டிஸ்டார்ஷன் முடிந்து வந்த ஒலி திரும்பத் திரும்பக் கேட்டு, படிப்படியாக அடங்கியது.

ஒன்று மட்டும் உறுத்தியது: ஓங்கி அடித்தால் எதிரொலியில் கரகரப்பு. லூப்பிலிருந்து வருவது லைன் லெவல், அதாவது பெரிய சிக்னல். பெடல் எதிர்பார்ப்பதோ கிட்டாரின் சிறிய சிக்னல். ஆம்பின் பின்பக்கம் லூப்பின் லெவலை மாற்ற +4, -10 என்று ஒரு ஸ்விட்ச் இருந்தது. -10-க்குத் தள்ளியதும் சரியாகிவிட்டது. ஸ்விட்ச் இல்லாத ஆம்பில் சேனல் வால்யூமைக் குறைத்து, மாஸ்டர் வால்யூமை ஏற்றிப் பாருங்கள். பல ஆம்ப்களில் மாஸ்டர், லூப்புக்குப் பின்னால்தான் வரும்.

வா, ஃபஸ், ஓவர்டிரைவ் பெடல்கள் மூன்றும் இன்புட்டுக்கு முன்னாலேயே இருக்கின்றன. அவற்றை நகர்த்த எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

*

அண்ணே, உங்களுடையது சீரிஸ் லூப், சிக்னல் முழுதும் பெடல் வழியாகப் போகும். என் ஆம்பில் இருப்பது பேரலல், ஒரு பங்கு பெடலைத் தொடாமல் நேரே போகும், கூடவே ஒரு மிக்ஸ் குமிழ். இது வேறு விதமான தலைவலி. வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட்டை லூப்பில் போட்டேன். கேட் ஒழுங்காக மூடுகிறது, ஆனால் இரைச்சல் பக்கத்து வழியாக நேரே பவர் ஆம்புக்குப் போய்விடுகிறது. சத்தத்தை ஏற்றி இறக்கும் ட்ரெமோலோவும் அப்படித்தான், பாதிதான் ஆடும். டிலேக்கு மட்டும் இந்த லூப் நன்றாக இருக்கிறது. பெடலில் மிக்ஸை முழுக்க எஃபெக்ட் பக்கம் திருப்பிவிட்டு, எவ்வளவு வேண்டும் என்பதை ஆம்பில் முடிவு செய்கிறேன். டிஜிட்டல் பெடல் நேரடி ஒலியையும் கலந்து அனுப்பினால், அது ஒரு நொடிப்பொழுது பிந்தி வந்து கலந்து, குழாய்க்குள் பேசுவதுபோல் டோன் வெற்றாகிப் போகும்.

*

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் ப்ரீஆம்பைக் கிளீனாக வைத்து, வால்யூமை ஏற்றி, பவர் டியூபிலிருந்துதான் டிஸ்டார்ஷன் எடுப்பேன். எனக்கு லூப் உதவவில்லை. டிலே லூப்பில் இருந்தாலும் அதற்கு அப்புறம்தானே டிஸ்டார்ஷன் வருகிறது! சோலோவுக்கு லூப்பில் சிக்னலைப் பெருக்கும் பூஸ்ட் பெடல் போட்டாலும் சத்தம் கூடவில்லை, டிஸ்டார்ஷன்தான் கூடியது. மாஸ்டரை அடக்கி வாசிப்பவர்களுக்கு அதே பூஸ்ட் சத்தத்தை அழகாகத் தூக்கிக் கொடுக்கும்.

*

லூப்பில் பெடலே போடாதவன் நான், ஆனால் லூப்பால்தான் அவதி. வாசிக்கும்போதே சத்தம் குறைந்துபோகும், ஆம்பைத் தட்டினால் திரும்பும். டியூப் போச்சு என்று முடிவே கட்டிவிட்டார்கள். கடைசியில் ஒரு டெக்னீஷியன் சின்னப் பேட்ச் கேபிளை எடுத்துச் சென்ட்டையும் ரிட்டர்னையும் இணைத்தார், ஒலி முழுசாக வந்துவிட்டது. ரிட்டர்ன் ஜாக்குக்குள் ஒரு ஸ்விட்ச் தகடு இருக்கிறது. பிளக் இல்லாதபோது சிக்னல் அதன் வழியாகத்தான் போகும். அது கறுத்துக் கிடந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கைச் சிலமுறை செருகி எடுத்தார். இப்போது அந்தத் தொல்லை இல்லை.

*

தம்பி, அந்தப் பேட்ச் கேபிள் சோதனை அருமை. அப்படியே யாராவது நாலு கேபிள் முறையில் (சில பெடல்கள் இன்புட்டுக்கு முன்னால், சில லூப்பில்) ஹம் என்னும் ரீங்கார இரைச்சல் வந்து தீர்த்திருந்தால் எழுதுங்கள். எனக்குப் பெடல்களுக்குத் தனித்தனி அவுட்புட் உள்ள ஐசோலேட்டட் பவர் சப்ளை மாற்றியதில் பாதிதான் குறைந்தது.