நிலத்தடி நீரில் 'ப்ளூம்': தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

திங்கள்கிழமை காலை எனக்கு வகுப்பு. மூடிப்போன பெட்ரோல் பங்க் ஒன்றில் மண்ணும் நிலத்தடி நீரும் கெட்டிருக்கின்றனவா என்று ஆராய்வது எப்படி என்பது பாடம். குறிப்பைத் தமிழில் எழுதிவிட்டேன். ஒரே ஒரு சொல் இடறுகிறது.

புதைத்த இரும்புத் தொட்டி துருப்பிடித்து ஒழுகினால் பெட்ரோல் மண்ணுக்குள் இறங்கும். தண்ணீரைவிட லேசானது என்பதால் நீர்மட்டத்தில் மிதக்கும். அதிலுள்ள பென்சீன், டொலுவீன் போன்றவை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, நிலத்தடி நீர் போகிற பக்கமாக நீண்டுகொண்டே போகும். அந்த நீட்சிதான் 'ப்ளூம்'. நான் 'மாசுப் படலம்' என்று எழுதினேன். ஒரு மாணவி, "படலம்னா மேல மிதக்குதே, அதுவா மேடம்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. மிதப்பதை ஓரளவு இறைத்து எடுத்துவிடலாம். கரைந்தது அதற்குள் அடுத்த வீட்டுக் கிணறு வரை போயிருக்கும். இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது. உதவுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து

*

அம்மா, 'தோகை' என்று வையுங்கள். மயிலுக்கும் தோகை, கரும்புக்கும் தோகை. அடி ஒடுங்கி, போகப்போக நீளும் வடிவம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. சுடு என்பது சூடு ஆனதுபோல, தொகு என்பதன் முதல் நீண்டு தோகை பிறந்தது என்பது என் துணிபு. இழைகள் தொகுத்து நிற்பதால் தோகை. தொங்குவதால் தோகை என்பாரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

இன்னொன்று. மாசு என்பது நெடில்தொடர்க் குற்றியலுகரம். அதன்பின் வல்லினம் மிகாது என்பது நன்னூல் விதி. மாசு கட்டுப்பாட்டு வாரியமும் மிகாமல்தான் எழுதுகிறது. ஆகவே 'மாசு தோகை'. உங்கள் 'மாசுப் படலம்' அந்த வகையிலும் பிழை.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து

*

அய்யா, மயில் நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் போர் போடுதவன். நம்ம பக்கம் பெரும்பாலும் அடியில பாறை. தண்ணி வெடிப்பு வழியாத்தான் ஓடுது. ஒரு போர்ல நல்ல ஊத்து இருக்கும். பத்தடி தள்ளிப் போட்டா புழுதிதான் பறக்கும். அங்க மாசு தோகை விரிக்காது, வெடிப்பு எங்க இழுக்குதோ அங்க போகும். பொருநைக் கரை மணலுக்கு வேணும்னா உங்க சொல் பொருந்தும். 'கசிவுப் போக்கு'ன்னு பொதுவா வைங்க.

இதையும் குறிப்புல சேருங்கம்மா: நீர்மட்டம் எந்தப் பக்கம் சரியுதுன்னு பாக்க, ஒரே வரிசையில இல்லாம முக்கோணமா மூணு கண்காணிப்புக் கிணறாவது வேணும்.

தென்காசியிலிருந்து

*

எல்லாரும் 'பெட்ரோல் பங்க்' என்பதை எப்படிக் கடந்து போகிறீர்கள்? கல்லும் நெய்யும் சேர்ந்தால் கன்னெய். பெட்ரோலியம் என்ற சொல்லிலும் இருப்பது கல்லும் எண்ணெயும்தான். 'கன்னெய் நிலையம்' என்று வகுப்பில்கூட எழுதாவிட்டால் பிறகு எங்கே எழுதப் போகிறோம்?

நாங்குநேரியிலிருந்து

*

அண்ணாச்சி, கன்னெய் அழகான சொல். ஆனால் கிணற்றில் வாடை வருகிறது என்று மனு எழுதுகிறவருக்குப் பெட்ரோல் என்றால்தான் விளங்கும். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். மூக்குக்குத் தெரிவதற்கு வெகு முன்பே தண்ணீர் அந்த அளவைத் தாண்டியிருக்கும். வாடை இல்லை என்று குடித்துக்கொண்டிருப்பவரிடம் இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். அதற்காகவாவது பங்க் பங்காகவே இருக்கட்டும்.

நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, மண் தானாக உறிஞ்சி ஈரமாக நிற்கும் பகுதிக்கு 'நுண்புழை விளிம்பு' என்று எழுதுகிறார்கள். எங்கள் அம்மா சுவரைத் தொட்டுப் பார்த்து "ஓதம் ஏறியிருக்கு" என்பாள். கீழிருந்து மேலேறும் அதே ஈரம்தானே? 'ஓத விளிம்பு' என்போமே.

அம்பையிலிருந்து

*

ஓதம்! இதை நான் சொல்லியிருக்க வேண்டும் தாயி. பழைய பாட்டுகளில் கடலலைக்கும் ஓதம் என்றே பெயர். ஏறி இறங்குவது அதன் இயல்பு. பிசானத்து மழையில் நீர்மட்டம் ஏறும்போதும் கோடையில் இறங்கும்போதும் மிதக்கும் பெட்ரோல் கூடவே போய்வந்து மண்ணை மெழுகிவிடும் அல்லவா? அந்தப் பகுதியை 'மெழுக்குப் பட்டை' எனலாம். வீட்டுத் தரையை மெழுகியவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து

*

ஞாயிறு இரவு பதினொன்றாகிவிட்டது. ஓத விளிம்பை யாரும் மறுக்கவில்லை, எடுத்துக்கொண்டேன், மெழுக்குப் பட்டையையும். ப்ளூமுக்கு, தனி மடல்களையும் சேர்த்து, ஐந்து பேர் தோகை என்கிறீர்கள், இரண்டு பேர் கசிவுப் போக்கு. 'மாசு தோகை' என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டேன், 'த்' இல்லாமல். பெட்ரோல் பங்க் அப்படியே இருக்கிறது. நாங்குநேரி அண்ணாச்சி பொறுத்துக்கொள்ள வேண்டும். கன்னெய்யை வகுப்பில் வாயால் சொல்லிவிடுகிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து

*

சரிம்மா, அச்சடிங்க. எனக்கு இன்னும் மனசு ஒப்பல. கடைசிப் பக்கத்துல எடம் இருந்தா 'பாறை நிலத்தில் இது வேறு மாதிரி' ன்னு ஒரு வரி போடுங்க. சித்திரையில பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்க. தண்ணி வத்தின வெட்டுக் கிணத்துல, மேல நின்னுக்கிட்டே வெடிப்பைக் காட்டுதேன். பாத்துட்டு அதுகளே ஒரு பேரு சொல்லட்டும்.

தென்காசியிலிருந்து