கோசோ தீவு இன்லேண்ட் சீ சுரங்கத்துல ஓப்பன் வாட்டர் கார்டோட இறங்கலாமா?

மாங்கூழ்_கிருஷ்ணகிரி:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊரு காவேரிப்பட்டணம் பக்கம். மாங்கூழ் ஃபேக்டரியில வேலை. சீசன் முடிஞ்சதும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கெடைக்கும். அக்காவும் மாமாவும் மால்டாவுல இருக்காங்க, அக்டோபர்ல போறேன். பாண்டிச்சேரியில ஓப்பன் வாட்டர் கோர்ஸ், அதாவது சிலிண்டர் மாட்டிக்கிட்டு முங்கற ஸ்கூபாவோட ஆரம்பப் படிப்பு, முடிச்சிருக்கேன், ஆனா போன வருஷத்துக்கு அப்புறம் தண்ணியில இறங்கல.

மால்டாவச் சேந்த கோசோ தீவுல டுவேய்ரான்னு ஒரு இடம். பாறைக்கு இந்தப் பக்கம் இன்லேண்ட் சீன்னு சின்னதா ஒரு குளம், அந்தப் பக்கம் திறந்த கடல், நடுவுல பாறையக் கிழிச்சிக்கிட்டு ஒரு சுரங்கம். வீடியோவுல பாத்ததுலருந்து அதே நெனப்பா இருக்கு. என் கார்டுக்கு அதுல போக விடுவாங்களா? உள்ள இருட்டா இருக்குமா? நீச்சல் எனக்கு நல்லா வரும். எங்க மாமன் தோட்டத்துக் கெணத்துல கத்துக்கிட்டது, மூச்சு புடிச்சி அடிமட்டம் வரைக்கும் போயி மண்ணு அள்ளிட்டு வருவேன். கெளம்பறதுக்கு முன்னாடி பாண்டியில ஒரு தடவ இறங்கிப் பாத்துட்டு வரலாம்னும் இருக்கேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓசூர்_சைக்கிள்காரன்:
சுரங்கத்தப் பத்தி எனக்குத் தெரியாது, பாண்டியில இறங்கறதப் பத்தி ஒண்ணு சொல்றேன். ஸ்கூபா முடிச்ச கையோட உயரமான எடத்துக்கு ஏறக்கூடாது. ஒடம்புல கரைஞ்சிருக்கற நைட்ரஜன், வெளியில காத்தழுத்தம் கொறைஞ்சா குமிழா மாறிடும். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்னு டைவர்களோட பாதுகாப்புக்கு இருக்கற அமைப்பு சொல்ற கணக்கு 2000 அடியிலருந்து, அதாவது 610 மீட்டர்லருந்து ஆரம்பிக்குது. ஒரே ஒரு டைவ்னா 12 மணி நேரம், ரெண்டு மூணு பண்ணியிருந்தா 18 மணி நேரம் காத்திருக்கணும். திண்டிவனம், திருவண்ணாமலை, ஊத்தங்கரை வழியா உங்க ஊருக்கு வர்றதுல பிரச்சினை இல்ல. அப்படியே சூளகிரி தாண்டி ஓசூர் வந்தா 850 மீட்டருக்கு மேல ஏறிடறோம். நாங்க எப்பவும் ராத்திரி பாண்டியிலயே தங்கிட்டு மறுநாள் மத்தியானத்துக்கு மேலதான் வண்டி எடுப்போம். மால்டாவுலருந்து திரும்பும்போதும் இதே கணக்குதான். வழியில ஃப்ளைட் மாறினாலும் மொத ஃப்ளைட் ஏறற நேரத்த வெச்சித்தான் பாக்கணும்.

பென்னாகரத்துப்_பொண்ணு:
தம்பி, நான் மால்டாவுல நர்ஸா இருக்கேன். லீவு கெடைச்சா சிர்கேவா போயி ஃபெர்ரி புடிச்சிடுவேன், 25 நிமிஷத்துல கோசோ. டுவேய்ராவுல நெறைய தடவ இறங்கியிருக்கேன், அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

மொதல்ல அந்தச் சுரங்கத்துல என்ன இருக்குன்னு சரியாத் தெரிஞ்சிக்கோ. நீளம் ஏறத்தாழ 80 மீட்டர். ஒகேனக்கல்ல பரிசல்ல போறப்ப ரெண்டு பக்கமும் பாறை செங்குத்தா எழும்பி நிக்குமே, அந்தச் சந்துக்கு மேல பாறையிலயே கூரை போட்டா எப்படி இருக்கும், அதுதான் இது. அந்தக் கூரை தண்ணிக்கு மேல இருக்கு. தண்ணி மட்டத்துல காத்து இருக்கு. வீடியோவப் பாத்துட்டு எல்லாரும் குகைன்னு பயப்படறாங்க. ஆனா அங்க உன் தலைக்கு மேல இருக்கறது பாறை இல்ல, படகு. மீன்புடி ஆளுங்க சின்னப் படகுல டூரிஸ்ட்ட ஏத்திக்கிட்டு அந்தச் சந்து வழியாவே கடலுக்குப் போயிட்டு வர்றாங்க. மோட்டார் சத்தம் ரெண்டு செவுத்துலயும் மோதித் திரும்பும், எந்தப் பக்கத்துலருந்து வருதுன்னு காதால கண்டுபிடிக்கவே முடியாது. அதனால அங்க நடுவுல மேல வர்றதுங்கற பேச்சே கிடையாது. செவுத்த ஒட்டி, தரைய ஒட்டிப் போகணும். குளத்துப் பக்கம் தண்ணி கம்மி, படகோட அடிப்பக்கம் கிட்டத்துலயே போகும், அங்கதான் ரொம்பக் கவனம் வேணும்.

அடுத்தது ஆழம். குளத்துப் பக்கம் ஆழமே இல்லாம ஆரம்பிச்சி, தரை சரிஞ்சிக்கிட்டே போயி, கடல் வாசல்ல 25 மீட்டரத் தாண்டிடும். அதுக்கு வெளிய சுவர் இன்னும் கீழ எறங்குது. உன் கார்டுக்கு எல்லை 18 மீட்டர். தரையத் தொடர்ந்து போனா எல்லை தாண்டினதே தெரியாது, தண்ணி அவ்வளவு தெளிவு. மால்டாவுல ஆறே கெடையாது, கடல்ல மண்ணு கொண்டாந்து கொட்ட ஒண்ணும் இல்ல. 30 மீட்டர் தூரம் பளிச்சினு தெரியற நாள் சகஜம். அந்தத் தெளிவுதான் ஆளை ஏமாத்தும். அதனால ரெண்டு நாள் ஒதுக்கி அட்வான்ஸ்டு கோர்ஸ் அங்கயே முடிச்சிடு, 30 மீட்டர் வரைக்கும் போகலாம். அது முடியலன்னா உன் ஆழத்துக்குள்ளயே கூட்டிட்டுப் போறேன்னு வாயத் திறந்து சொல்ற கைடோட மட்டும் போ.

இப்ப கெணத்து விஷயம். தம்பி, இதத்தான் நான் ரொம்ப முக்கியமாச் சொல்ல வந்தேன். நானும் கெணத்துல சுரைப்புருடை கட்டிக்கிட்டு நீச்சல் கத்துக்கிட்டவதான். நம்ம பக்கத்து ஆளுங்களுக்குத் தண்ணிக்குள்ள போனதும் தானா மூச்சு அடைஞ்சிக்கும். கெணத்துல அது தப்பில்ல. மேல இழுத்த காத்துதான் கீழ போயி சுருங்குது, மேல வந்தா பழையபடி ஆகுது, அவ்வளவுதான். சிலிண்டர்ல அப்படி இல்ல. 10 மீட்டர்ல அழுத்தம் ரெண்டு மடங்கு, அங்க நீ நெஞ்சு நெறைய இழுத்த காத்து மேல வர வர ரெண்டு மடங்கா விரியும். அப்ப மூச்ச அடக்கினா நுரையீரல் கிழியும். ஒண்ணு ரெண்டு மீட்டர் ஏறினாலே போதும், ஆழம் கூட வேண்டாம். சுரங்கத்துல அலை உள்ள புகுந்தா நீ பாட்டுக்கு மேலயும் கீழயும் தூக்கப்படுவ. அந்த நேரத்துல பழக்க தோஷத்துல மூச்ச அடக்கிடக் கூடாது. பாண்டியில இறங்கறப்ப வேற எதுவும் பண்ண வேண்டாம். அஞ்சு மீட்டர்ல நின்ன எடத்துல நில்லு. எங்கயும் நிறுத்தாம நிதானமா மூச்ச இழுத்து விடு, கைய ஆட்டாம. அது தன்னால வர்ற வரைக்கும் செய். ஐப்பசி மழை வந்தா அங்க கடல் கலங்கிடும், அதுக்கு முன்னாடியே போயிட்டு வந்துடு.

டுவேய்ராவுல மொத நாள் சுரங்கத்துக்குப் போகாத, ப்ளூ ஹோல்ல இறங்கு. ரெண்டும் பக்கம் பக்கம்தான். பார்க்கிங்லருந்து கூரான பாறை மேல நடக்கணும், கனமான பூட்ஸ் இல்லாம கால் கிழிஞ்சிடும். சுமார் 10 மீட்டர் அகலத்துல வட்டமா ஒரு குழி. கீழ எறங்கினா பாறையில ஒரு வளைவு, அது வழியா கடலுக்கு வெளிய போகலாம். குழியோட பின்பக்கம் ஒரு குகை இருக்கு. அதுதான் நெஜமாவே தலைக்கு மேல பாறை இருக்கற எடம். வாசல் அகலம், வெளிச்சம் தெரியும். வெளிச்சம் கண்ணுல படற வரைக்கும்தான் உள்ள போகணும்னு கைடு சொல்வாங்க, அத மீறாத. கால்ல மாட்டற துடுப்பு தரையில பட்டா மண்ணு கிளம்பி வந்த வழியே தெரியாமப் போயிடும். உள்ள போயி டார்ச்ச மெதுவா செவுத்துல திருப்பு. மஞ்சளும் ஆரஞ்சுமாச் சின்னப் பவளங்கள், கடற்பஞ்சு. பொந்துக்குள்ள விரல் நீளத்துக்குச் செவப்பு மீனுங்க கூட்டமா நிக்கும், கண்ணு மட்டும் பெருசா கறுப்பா இருக்கும். கார்டினல் மீன்னு சொல்வாங்க. கோடையில ஆண் மீன் முட்டைய வாயிலயே வெச்சிக் காப்பாத்தும். பக்கத்துல போயிப் பாத்தா தாடை உப்பி, உள்ள முட்டை கொத்தாத் தெரியும். அத மொதல்ல பாத்த அன்னைக்கு மத்த மீனையெல்லாம் நான் மறந்தே போயிட்டேன்.

அங்க அஷூர் விண்டோன்னு பெரிய பாறை வளைவு இருந்தது. 2017 மார்ச் 8 அன்னைக்குப் புயல்ல இடிஞ்சி விழுந்துடுச்சி. அந்தப் பாறையெல்லாம் இப்ப கடலுக்கு அடியில கெடக்கு, அதுக்கு நடுவுலயும் டைவ் பண்றாங்க.

மாங்கூழ்_கிருஷ்ணகிரி:
அக்கா, ரொம்ப நன்றி. மூச்சு விஷயம் கோர்ஸ்ல சொன்னாங்க, கெணத்தோட சேத்து நான் யோசிக்கல. பாண்டியில அதையே செய்யறேன். தண்ணியில மெதக்காம இருக்க இடுப்புல கட்டற வெயிட் பெல்ட் பாண்டியில போட்ட அளவே போதுமா? அப்புறம் எங்க அக்காவுக்கு நீச்சல் தெரியாது, அவங்களும் அந்தச் சந்தப் பாக்க வழி இருக்கா?

பென்னாகரத்துப்_பொண்ணு:
பழைய அளவ நம்பாத தம்பி. மத்தியதரைக் கடல்ல உப்பு ஜாஸ்தி, லிட்டருக்கு 38 கிராம் வரும், நம்ம வங்கக் கடல்ல அவ்வளவு கெடையாது. உப்பு கூடினா ஒடம்பு மெதக்கும். அக்டோபர்ல தண்ணி 23, 24 டிகிரி, அதுக்கு 5 மில்லிமீட்டர் தடிமன்ல குளிர் தாங்கற சூட் போடுவ, அதுவும் மேல தூக்கும். இன்னொரு பக்கம், இங்க பெரும்பாலும் இரும்பு சிலிண்டர், அது பாண்டியில போட்ட அலுமினியத்தவிட கனமா எறங்கும். இதெல்லாம் கூட்டிக் கழிச்சி மனக்கணக்கு போட முடியாது. மொத டைவுக்கு முன்னாடி கரையோரமாவே வெயிட் செக் பண்ணணும்னு கேளு, கூச்சப்படாத. கைடு அவசரப்பட்டா நீ அவசரப்படாத.

அக்காவயும் மாமாவயும் அந்தப் படகுலயே அனுப்பு. குளத்தங்கரையில படகுக் கொட்டகை வரிசையா இருக்கும், அங்கயே ஏறலாம், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கச் சொல்லு. ஒண்ணு மட்டும், டுவேய்ரா மேற்குக் கரை. மஜ்ஜிஸ்ட்ரால்னு வடமேற்குக் காத்து அடிச்சா குளம் அமைதியாத்தான் தெரியும், ஆனா கடல் வாசல்ல அலை புகுந்துடும். அன்னைக்குப் படகும் போகாது, டைவும் கெடையாது, தீவோட மறுபக்கம் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அதனால கோசோவுக்கு ஒரே ஒரு நாள்னு திட்டம் போடாம மூணு நாளாவது கையில வெச்சிக்கோ. ஃப்ளைட்டுக்கு முந்தின நாள டைவுக்கு வெக்காத, ஓசூர்க்காரர் சொன்ன 18 மணி நேரம் அதுல போயிடும். தேதி முடிவானதும் இங்கயே போடு, எனக்கு டூட்டி இல்லன்னா நானும் வர்றேன்.