பழைய பறவைக் குறிப்பேடுகளை உலகத் தரவுத்தளத்தில் சேர்க்கலாமா?

கழிமுகம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வேதாரண்யத்தை ஒட்டிய சதுப்பு நிலங்களிலும் உப்பளங்களிலும் எங்கள் பறவை நோக்கர் குழுவினர் தொண்ணூறுகளிலிருந்து எழுதிவந்த குறிப்பேடுகள் இப்போது என் பொறுப்பில் இருக்கின்றன. தேதி, இடம், பறவையின் பெயர், தோராயமான எண்ணிக்கை ஆகியவை பெரும்பாலான பக்கங்களில் உள்ளன. கொசு உள்ளான் போன்ற பறவைகள் சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்து, பல நாடுகளைக் கடந்து இங்கே வருபவை என்பதால், இக்குறிப்புகளை எல்லா நாட்டினரும் பயன்படுத்தும் தரவுத்தளத்தில் சேர்ப்பதே முறை என்று குழுவின் இளைஞர்கள் சொல்கிறார்கள்.

மூத்தவர்கள் தயங்குகிறார்கள். இடத்தைத் துல்லியமாகச் சொன்னால் பறவைகளுக்குத் தீங்கு வராதா என்பது அவர்களுடைய முதல் கவலை. வெயிலில் நின்று எண்ணியவர்களின் உழைப்பு, எங்கோ இருக்கும் ஓர் ஆய்வாளரின் கட்டுரையில் பெயரில்லாமல் கரைந்துவிடும் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் என்னிடம் தெளிவான பதில் இல்லை. இத்துறையில் பணியாற்றுவோர் வழிகாட்ட வேண்டும்.

தரவுத்தாள்:

வணக்கம் ஐயா. உயிரினப் பதிவுகளைச் சீர்செய்யும் பணியில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் குறிப்பிடுவது ஜிபிஃப் என்று அழைக்கப்படும் உலகப் பல்லுயிர்த் தகவல் அமைப்பாக இருக்க வேண்டும். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பின் அறிவியல் மன்றம் அளித்த பரிந்துரையின் பேரில், 2001ஆம் ஆண்டு பல நாட்டு அரசுகள் சேர்ந்து இதைத் தொடங்கின. செயலகம் கோபன்ஹேகனில் உள்ளது. அருங்காட்சியகங்கள், பல்கலைக்கழகங்கள், பறவை நோக்கர்கள் எனப் பல தரப்பினர் அளித்த பதிவுகள் இன்று 300 கோடிக்கும் மேல் உள்ளன. இத்தனை பேர் எழுதியவை ஒன்றோடொன்று பொருந்துவதற்குக் காரணம் டார்வின் கோர் என்னும் பொதுத் தரநிலை. எந்த நாட்டில் எந்த மொழியில் எழுதப்பட்ட குறிப்பாக இருந்தாலும், தேதிக்கும் இடத்துக்கும் இனப் பெயருக்கும் ஒரே புலப்பெயர்கள் (புலம் என்பது அட்டவணையின் ஒரு பத்தி).

உங்கள் பக்கங்களை அப்படியே தட்டச்சு செய்து அனுப்பினால் போதாது. 'உப்பளத்தின் கீழ்க்கரை' என்று ஒருவர் எழுதியிருந்தால், வரைபடத்தில் ஒரு புள்ளியைக் குறித்துவிட்டு நிறுத்தக் கூடாது. அந்தப் புள்ளி எத்தனை மீட்டர் வரை தவறியிருக்கலாம் என்பதற்குத் தனிப் புலம் இருக்கிறது, அதில் 2000 என்றோ 3000 என்றோ நேர்மையாக எழுத வேண்டும். அந்த எண் காலியாக இருந்தால், பின்னாளில் பயன்படுத்துபவர் அதை ஜிபிஎஸ் கருவி காட்டிய இடம் என்று நம்பிவிடுவார்.

இனப் பெயரிலும் இதே கவனம் தேவை. சிறிய மணல் உப்புக்கொத்தி என்று நாம் ஒரே இனமாக எழுதிவந்த பறவையை வகைப்பாட்டியலாளர்கள் அண்மையில் சைபீரிய இனம், திபெத்திய இனம் என இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் பழைய குறிப்பு இவற்றில் எதைச் சொல்கிறது என்று இன்று ஊகிக்க முயல வேண்டாம். குறிப்பேட்டில் உள்ள பெயரை மாற்றாமல் ஒரு புலத்தில் வைத்து, இரண்டில் ஒன்று என்ற அளவிலேயே அடையாளத்தை நிறுத்திக்கொள்வதுதான் சரி.

எல்லாவற்றையும் விட மதிப்புள்ளது, அன்று எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், பார்த்த எல்லா இனங்களையும் எழுதினீர்களா என்ற செய்தி. அது இருந்தால்தான் ஒரு பறவை பட்டியலில் இல்லை என்பதற்கும் பொருள் உண்டு. அது இல்லாத பக்கங்களை, பறவை நோக்கர்கள் தங்கள் பட்டியல்களைப் பதியும் இணையத்தளமான ஈபேர்டில் ஏற்றும்போது பழைய பட்டியல்களுக்கென்றே இருக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். ஈபேர்டின் பதிவுகள் பின்னர் ஜிபிஃபுக்கும் செல்கின்றன.

மலைச்சாரல்:

தரவுத்தாள் சொன்ன நுட்பங்களை ஏற்கிறேன். ஆனால் மூத்தவர்களின் தயக்கத்தை வெறும் பழைமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. நம் நாட்டு உயிரினங்களின் பழைய மாதிரிகளில் பலவற்றைப் பார்க்க இன்றும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. பல்லுயிர் செறிந்த நாடுகள் கொடுக்க, வசதி மிகுந்த நாடுகள் எடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு எதிராகத்தான், உயிர்வளங்களின் பயனை நியாயமாகப் பகிரக் கோரும் பன்னாட்டு ஒப்பந்தமான நகோயா நெறிமுறை 2010ஆம் ஆண்டு வந்தது. அதற்கு முன்பே வந்த நம்முடைய 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தின் அடிப்படையும் இதே நியாயப் பகிர்வுதான். அச்சட்டத்தைச் செயல்படுத்தும் தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். குறிப்பேடுகளில் பறவை எண்ணிக்கையோடு சேர்த்து, எந்தச் செடியை எந்த நோய்க்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது போன்ற செய்திகள் இருந்தால், அவற்றைத் தனியே பிரித்து வையுங்கள். பறவையைக் கண்டது உங்கள் அனுபவம்; மருந்தறிவு அந்த ஊர் மக்களுடையது. அவர்களின் முன் ஒப்புதல் இல்லாமல் அது எந்தத் தளத்துக்கும் போகக் கூடாது.

இடம் பற்றிய அச்சமும் கற்பனை அன்று. தென் சீனாவில் ஒரு பல்லி இனத்தை 1999ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் முதன்முறையாக விவரித்து, அது வாழும் இடத்தையும் வெளியிட்டார்கள். செல்லப்பிராணி வணிகத்துக்காகப் பிடிப்பவர்கள் அங்கே வந்து குவிந்ததில், சில ஆண்டுகளுக்குள் அந்த இடத்தில் அப்பல்லி அற்றுப்போகும் நிலைக்கு வந்துவிட்டது. ஆயிரக்கணக்கில் இறங்கும் பூநாரைகளின் இடத்தை மறைப்பதில் பயனில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். கூடு கட்டும் இடங்களுக்கும் வேட்டையாடப்படும் இனங்களுக்கும் மட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையை 0.1 பாகை அளவுக்குப் பொதுமைப்படுத்தலாம். அது நம் பகுதியில் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். துல்லியமான இடம் உங்கள் கையில் இருக்கட்டும்.

கரையோரம்:

இத்தகவல்கள் முடிவெடுப்பவர்களிடம் போய்ச் சேர்கின்றனவா என்பதை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். 2022 டிசம்பரில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட குன்மிங்-மாண்ட்ரியல் உலகப் பல்லுயிர்ச் சட்டகத்தில் 23 இலக்குகள் உள்ளன. அவற்றில் 21ஆவது, தரவுகளும் அறிவும் முடிவெடுப்பவர்களுக்கும் மக்களுக்கும் எட்ட வேண்டும் என்பது. மலைச்சாரல் கேட்கும் முன் ஒப்புதலும் மரபறிவைப் பொறுத்தவரை அதே இலக்கில் எழுதப்பட்டிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 30,000 பறவை நோக்கர்கள் அளித்த 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. அந்தப் பதிவுகளில் அண்மைக் காலத்தவையே மிகுதி. நீண்ட கால வீழ்ச்சியைக் காட்டுவதற்குத் தொண்ணூறுகளின் பக்கங்கள் எவ்வளவு அரியவை என்பதை அத்துறையினர் அறிவார்கள்.

இப்பறவைகள் வந்துபோகும் மத்திய ஆசிய வலசைப் பாதையில் 30 நாடுகள் இருக்கின்றன. 2024 பிப்ரவரியில் சமர்கண்டில் கூடிய வலசை உயிரினங்கள் உடன்படிக்கையின் மாநாடு, இப்பாதைக்கான ஒருங்கிணைப்பு அலகை இந்தியாவில் அமைக்க ஒப்புக்கொண்டது. சைபீரியாவில் குஞ்சு பொரிப்பு குறைந்ததா, வழியில் நீர்நிலை வற்றியதா, கோடியக்கரையில் இரை குறைந்ததா என்பதை ஒரு நாட்டின் கணக்கை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது. அதனால்தான் சேருங்கள் என்கிறேன்.

கழிமுகம்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கூடுகளின் இடத்தைப் பொதுமைப்படுத்துவது, மருந்துச் செடிக் குறிப்புகளைத் தனியே வைப்பது என்ற இரண்டையும் குழுவில் முன்வைத்தேன், மூத்தவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஒன்று மட்டும் பாக்கி. பல பக்கங்களில் எழுதியவர் ஒருவர், பறவையை முதலில் கண்டு சொன்னவர் உப்பளத் தொழிலாளி ஒருவர். அவர் பெயரைச் சேர்க்க இடம் உண்டா?

தரவுத்தாள்:

உண்டு ஐயா. 'பதிவு செய்தவர்' என்ற புலத்தில் எத்தனை பெயரையும் செங்குத்துக் கோட்டால் (|) பிரித்து எழுதலாம். முதலில் கண்டவரின் பெயர் முதலில் வரட்டும். அவர் உயிருடன் இருந்தால் அவரிடமும், இல்லையென்றால் குடும்பத்தாரிடமும் கேட்டுவிட்டுச் சேருங்கள். இப்புலம் முழுமையாக உங்கள் கையில் இருக்க வேண்டுமானால், ஈபேர்டை விடுத்து, ஒரு கல்லூரி அல்லது இயற்கைக் கழகத்தின் மூலம் தனித் தரவுத்தொகுப்பாக ஜிபிஃபில் வெளியிடுவது நல்லது. உரிமம் எது என்பதையும் அப்போது நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பெயர் குறிப்பிட்டே பயன்படுத்த வேண்டும் என்று கோரும் உரிமத்தை எடுங்கள். ஒவ்வொரு பதிவிறக்கத்துக்கும் டிஓஐ என்னும் நிலையான அடையாள எண் கிடைக்கும். அதை மேற்கோள் காட்டும் கட்டுரைகள் உங்கள் தொகுப்பின் பக்கத்திலேயே வந்து சேரும். யார், எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்பதைக் குழுவினர் அங்கே பார்த்துக்கொள்ளலாம்.