ரேடியோசர்ஜரி: ‘கதிர் அறுவை’ வேண்டாமே

> ‘ரேடியோசர்ஜரி’க்குத் தமிழ்ச்சொல் தேடுகிறீர்களே, மூலச்சொல்லிலேயே சர்ஜரி இருக்கிறதே, ‘கதிர் அறுவை’ என்று வைத்துவிட்டால் என்ன?

இருக்கிறதுதான். ஆனால் இது மூளையில் உள்ள கட்டிமேல் கதிர்வீச்சைக் குவித்துச் செய்யும் சிகிச்சை, இதில் அறுக்க ஒன்றுமே இல்லையே. கத்தி கிடையாது, மண்டையோட்டைத் திறப்பதில்லை. ‘அறுவை’ என்று படித்தவுடன் நோயாளி எத்தனை தையல் என்றுதான் கேட்பார் (மொக்கை ஜோக்குக்கும் அறுவை என்றுதான் சொல்கிறோம், அது வேறு கதை).

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அறுவை என்றால் கட்டியை வெட்டி எடுத்துவிடுவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். செவிநரம்புக் கட்டிக்கு இந்தச் சிகிச்சை செய்வது அதன் வளர்ச்சியை நிறுத்தத்தான். கட்டி அங்கேயே இருக்கும், முதல் சில மாதங்களில் கொஞ்சம் வீங்கக்கூடச் செய்யலாம், பிறகுதான் பலருக்கு மெல்லச் சுருங்குகிறது. அறுத்தாயிற்று என்று நம்பியிருப்பவர் அடுத்த ஆண்டு எம்ஆர்ஐ படத்தில் அதே கட்டியைப் பார்த்தால் என்ன ஆவார்?

> அப்படியானால் ‘கதிர்வீச்சுச் சிகிச்சை’ போதுமே?

போதாது. அது ரேடியோதெரபிக்குப் போய்விட்டது, கதிர்வீச்சை வாரக்கணக்கில் பங்கு பிரித்துக் கொடுப்பது. சுவீடன் மூளை அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951-ல் சர்ஜரி என்று பெயர் வைத்ததிலும் நியாயம் இருக்கிறது: குறித்த இடத்தில் மட்டும், கத்திக்குரிய துல்லியத்தோடு, ஒரே அமர்வில்.

என் பரிந்துரை ‘குவிகதிர்ச் சிகிச்சை’. இந்தச் சிகிச்சைக்கான காமா நைஃப் கருவியில் கோபால்ட்-60 கதிர்வீச்சு மூலங்கள் பழைய மாதிரிகளில் 201, பிறகு வந்தவற்றில் 192. அத்தனையிலிருந்தும் மெல்லிய கதிர்கள் பல பக்கமிருந்து வந்து கட்டியில் சந்திக்கின்றன. தனிக்கதிர் மூளையைக் கடந்து போகும்போது அதற்குப் பெரிய வலு இல்லை, எல்லாம் கூடும் இடத்தில்தான் வேலை நடக்கிறது. வினைத்தொகையாக இருப்பதால் சொல் சுருக்கமாகவும் நிற்கிறது. குவிலென்ஸ் போலக் கதிர் வளைகிறது என்று எண்ணமாட்டார்களா என்று கேட்கலாம். கை குவிக்கிறோம், நெல்லைக் குவிக்கிறோம், எதுவும் வளைவதில்லை.

அப்புறம் கட்டியின் பெயர். செவிநரம்புக் கட்டியின் ஆங்கிலப் பெயரான ‘அகௌஸ்டிக் நியூரோமா’வே (கேட்கும் நரம்பின் இழைக்கட்டி என்று பொருள்படும்) இரண்டு தவறு சேர்ந்த பெயர். இது பெரும்பாலும் எட்டாம் மூளை நரம்பின் சமநிலைக் கிளையில், அதுவும் நரம்பிழையில் அல்லாமல் அதைப் போர்த்திய ஷ்வான் செல்களில் தோன்றுவது. ஆங்கிலத்திலேயே ‘வெஸ்டிபுலர் ஷ்வானோமா’ என்று திருத்திக்கொண்டார்கள், நாம் ஏன் பழைய பிழையை மொழிபெயர்க்க வேண்டும்? கட்டுரைகளில் ‘சமநிலை நரம்பு உறைக்கட்டி’ என்று எழுதலாம். நோயாளிக்கான கையேட்டில் ‘செவிநரம்புக் கட்டி’ இருந்துவிட்டுப் போகட்டும், அவருக்குத் தெரிவது காதுதானே. போனை ஒரு காதில் வைத்தால் சரியாகக் கேட்காமல் மறுகாதுக்கு மாற்றிக்கொள்ளும்போதுதான் பலருக்குச் சந்தேகமே வருகிறது.

‘பினைன் ட்யூமர்’ என்பதற்கு வழங்கும் ‘தீங்கற்ற கட்டி’யும் எனக்கு உறுத்துகிறது. கேட்கும் திறனைப் பறித்து, பெரிதானால் மூளைத்தண்டையே அழுத்தும் ஒன்றைத் தீங்கற்றது என்றால் எப்படி? ‘புற்றல்லாத கட்டி’ என்றால் சொல்ல வந்தது மட்டும் சொல்லப்படும்.

ரேடியோசர்ஜரிக்கு முன்னால் சேர்க்கும் ‘ஸ்டீரியோடாக்டிக்’ என்ற அடைமொழிதான் பாக்கி. முப்பரிமாணத்தில் இடம் குறித்துச் செய்வது என்பதால் ‘இடங்குறி’ வரை வந்தேன், அடையாக முன்னால் போட்டால் ஒட்டமாட்டேன் என்கிறது. யாருக்காவது சிக்கினால் எழுதுங்கள்.